பழைய மரச்சாமான்களைக் குறைந்த செலவில் வீட்டிலேயே புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடும் நாற்காலி, பெயிண்ட் உரிந்த பெஞ்சு, பிரம்பு தொய்ந்த சாய்வு நாற்காலி, துருவேறிய பீரோ ஆகியவற்றில் ஒன்றாவது இல்லாத வீடு நம் ஊரில் அரிது. பல ஆண்டுகளாக என் வீட்டுச் சாமான்களையும் உறவினர் வீட்டுச் சாமான்களையும் நானே சரிசெய்து வருவதால், இவற்றை என்ன செய்யலாம் என்று பலரும் என்னிடம் கேட்பது உண்டு. அவர்களுடைய கேள்விகளில் பெரும்பாலானவை 'எந்த நிறம் அடிக்கலாம்?' என்றே தொடங்குகின்றன. நிறம் இந்த வேலையின் கடைசிப் படி என்பதால், அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பழைய சாமானைப் புதுப்பிப்பதா, விற்றுவிட்டுப் புதிது வாங்குவதா என்று எப்படி முடிவு செய்வது?

சாமானைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மேற்பரப்பு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அது முக்கியமன்று. கால்களும் சட்டமும் சேரும் மூட்டுகள் உறுதியாக இருக்கின்றனவா, கால் அடிகள் தண்ணீரில் ஊறி மெத்தென்று ஆகியிருக்கின்றனவா, மரம் வெடித்திருக்கிறதா, உளுத்திருக்கிறதா ஆகிய நான்கையும் பார்த்தால் போதும். மூட்டு ஆடுவது எளிதில் சரியாகும். அடிக்கால் அழுகியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி மாற்ற ஆசாரியின் உதவி தேவைப்படும், ஆனாலும் அது செலவழிக்கத் தக்கதே. துகள் பலகையால் செய்த அலமாரி தண்ணீரில் ஊறி உப்பியிருந்தால் அதற்கு மீட்பு இல்லை. மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த அந்தப் பலகை ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால், அதன்மேல் பெயிண்டுக்குச் செலவழிக்க வேண்டாம்.

என்ன மரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மறைவான ஓரிடத்தில், அதாவது இருக்கையின் அடிப்பக்கத்திலோ இழுப்பறையின் பின்பக்கத்திலோ, ஓர் அங்குல இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். தேக்கு பொன்பழுப்பாகத் தெரியும். தேய்க்கும்போது பதனிட்ட தோலை நினைவூட்டும் எண்ணெய் மணம் எழும். ஈட்டி கருஞ்சிவப்பில் கருவரிகளோடு இருக்கும். அதே அளவுள்ள தேக்கைவிடத் தெளிவாகக் கனக்கும். பலா மஞ்சளாகத் தொடங்கி ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பாக மாறும். வேம்பு, பூவரசு, மா ஆகியவற்றையும் கிராமத்து வீடுகளில் காணலாம்.

என் பாட்டி வீட்டில் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. மேலே பச்சை எனாமல், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் காவி. வீட்டில் எல்லாரும் அதை 'மாமரப் பெஞ்சு' என்றே சொல்லி வந்தார்கள். அடிப்பக்கத்தில் பெயிண்ட் ஏறாத ஓர் இடத்தைத் தேய்த்தபோது அந்தத் தோல் மணம் வந்தது. இரண்டு விரல் அகலத்துக்குப் பொன்நிற ரேகை தெரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கே அது தேக்கு என்று தெரிந்திருக்கவில்லை. எந்தச் சாமானுக்கும் நிறம் வாங்குவதற்கு முன்னால் இப்படி ஓர் அங்குலம் தேய்த்துப் பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஒட்டுப்பலகையைக் கண்டுபிடிப்பது எளிது: விளிம்பில் பல அடுக்குகள் தெரியும். அதன் மேலே தேக்குத் தகடு ஒட்டியிருந்தால் மிகுந்த கவனம் வேண்டும். அத்தகடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கே இருப்பதால், அழுத்தித் தேய்த்தால் சில நிமிடங்களில் கிழிந்து அடியிலுள்ள மட்டமான மரம் வெளியே வந்துவிடும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் சுத்தம் செய்தல், பிறகு மூட்டுகளை உறுதிப்படுத்தல், பூச்சி இருந்தால் மருந்து, பழைய பூச்சை நீக்குதல், பட்டி பார்த்தல் (துளைகளையும் வெடிப்புகளையும் அடைத்தல்), உப்புத்தாள், கடைசியாகப் பூச்சு. பலர் மூட்டை விட்டுவிட்டு நேரே பெயிண்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆடும் நாற்காலிக்குப் பெயிண்ட் அடித்தால், உட்காரும் ஒவ்வொரு முறையும் மூட்டு அசைந்து அந்த இடத்தில் பெயிண்ட் விரிசல் விடும். சில மாதங்களில் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். சுத்தம் செய்வதையும் எளிதாக எண்ண வேண்டாம். சமையலறைப் பக்கம் இருந்த சாமானில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். இளஞ்சூட்டு நீரில் சிறிது சோப்புக் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் இருமுறை துடைத்து, ஒரு நாள் நிழலில் உலர்த்திய பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

நாற்காலி ஆடுகிறது. ஆணி அடித்தால் நின்றுவிடாதா?

சில நாட்களுக்கு நிற்கும், பிறகு முன்பைவிட மோசமாகும். நல்ல மரவேலையில் ஒரு கட்டையின் நாக்கு மற்றொரு கட்டையின் துளைக்குள் உட்கார்ந்து, பசையால் பிடித்திருக்கும். அங்கே ஆணி அடித்தால் அந்த நாக்கு பிளந்துவிடும். தேக்கில் இரும்பாணி அடிப்பதில் இன்னொரு கேடும் உண்டு: ஈரம் பட்டால் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து, ஆணியைச் சுற்றிக் கருப்புக் கறையாகப் பரவும். திருகாணி தவிர்க்க முடியாத இடத்தில் பித்தளையோ துருவேறா எஃகோ பயன்படுத்துங்கள்.

சரியான முறை, மூட்டைக் கழற்றி மறுபடி ஒட்டுவதுதான். பழைய சாமான்களில் ஆசாரிகள் வஜ்ஜிரம் என்னும் விலங்குப் பசையைக் காய்ச்சிப் பயன்படுத்தியிருப்பார்கள். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டைச் சுற்றிச் சிறிது நேரம் கட்டி வைத்தால் அது இளகும். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் மூட்டு பிரியும். உள்ளே இருக்கும் பழைய பசை முழுவதையும் உளியின் முனையாலோ கத்தியாலோ சுரண்டி எடுப்பது கட்டாயம். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மரத்தின் நாருக்குள் இறங்கிப் பிடிப்பது. காய்ந்த பசையின் மேல் அது பிடிக்காது. வீட்டில் ஒட்டிய மூட்டுகள் திரும்பக் கழன்று போவதற்கு நான் கண்டவரை இதுவே முதல் காரணம்.

நாக்கு தேய்ந்து துளை தளர்வாக இருந்தால், மெல்லிய மரச் சீவல் ஒன்றைப் பசை தடவி நாக்கின் மேல் ஒட்டிப் பருமனாக்கலாம். ஒட்டிய பின் இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இல்லையென்றால், பருத்திக் கயிற்றை நான்கு கால்களையும் சுற்றி இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகித் திருகுங்கள். கயிறு முறுக்கேற ஏற மூட்டுகள் உள்ளே போகும். ஓரங்களில் வெள்ளையாகப் பசை பிதுங்கி வரும். ஈரத்துணியால் உடனே அதைத் துடைத்து, குச்சியைக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, நாற்காலி சமதரையில் நான்கு கால்களாலும் நிற்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பசை காய்ந்த பிறகு கோணலைச் சரிசெய்ய முடியாது. 24 மணி நேரத்துக்கு அதைத் தொட வேண்டாம்.

மரத்தில் சிறு துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருக்கின்றன. இது கரையானா?

பெரும்பாலும் இல்லை. குண்டூசித் தலை அளவுள்ள துளைகளும் மாவு போன்ற தூளும் உளுப்பூச்சியின் அடையாளம். கரையான் மண்ணோடு தொடர்புடையது: மண் தடம் கட்டி வரும், மரத்தை உள்ளிருந்து வெறுங்கூடாக்கும். கரையான் என்றால் சாமானுக்கு மட்டும் மருந்து அடித்துப் பயனில்லை. அது ஏறிவரும் சுவரையும் தரையையும் கவனிக்க வேண்டும், அதற்கு அத்தொழில் தெரிந்தவரை அழைப்பதே சரி.

உளுப்பூச்சி என்றால், முதலில் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தூளை நன்றாகத் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புத் துணி ஒன்றை விரித்துச் சில வாரங்கள் கவனியுங்கள். புதுத் தூள் விழவில்லையென்றால் பூச்சி எப்போதோ போய்விட்டது; துளைகளை அடைத்தால் போதும். விழுந்தால், பூச்சு நீக்கிய வெறும் மரத்தில் போரான் உப்புக் கலந்த மரப் பாதுகாப்புத் திரவத்தை இருமுறை தடவி ஊறவிடுங்கள். பூச்சின் மேல் தடவினால் அது உள்ளே இறங்காது. வெயிலில் காயவைத்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் புழு சாகும் அளவுக்கு மரத்தின் உட்பகுதி சூடாவது நம் வெயிலிலும் உறுதியில்லை, மெல்லிய பலகையோ வளைந்துவிடும்.

பழைய பெயிண்டைத் தேய்த்து எடுப்பது ஆபத்தா?

ஆபத்தாக இருக்கலாம். இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த எனாமலில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் நிறைய இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்ந்த நிலையில் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் பறந்து வீடெங்கும் படியும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும்.

ஆகையால் இந்த வேலையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். மொட்டைமாடியிலோ முற்றத்திலோ பழைய தாளோ பிளாஸ்டிக் விரிப்போ விரித்து, பெயிண்ட் நீக்கும் களிம்பைத் தடவி, இளகிய பெயிண்டைத் தட்டைக் கரண்டியால் வழித்தெடுங்கள். எஞ்சியதைத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேயுங்கள். தீயால் சுட்டு எடுக்கும் முறை வேண்டவே வேண்டாம். நுண்தூள் தடுக்கும் முகமூடி அவசியம். துணி முகமூடி போதாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. வேலை முடிந்ததும் விரிப்பை உள்பக்கமாகச் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். பாட்டி வீட்டுப் பெஞ்சின் மூன்று அடுக்குகளையும் இந்த முறையில் எடுக்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின. அதைக் குறைக்க எந்த வழியையும் நான் தேடவில்லை.

உப்புத்தாளில் எந்த எண்ணை வாங்குவது?

எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும். சொரசொரப்பான மரத்துக்கு 80-இல் தொடங்கி 120, 180, 220 என்று போகலாம். ஓரளவு வழுவழுப்பான மரத்துக்கு 120-இலேயே தொடங்கலாம். பூச்சுகளுக்கிடையே 320 அல்லது 400. நடுவில் ஓர் எண்ணைத் தாவினால், முந்தைய தாள் விட்ட கீறல்கள் பாலிஷ் ஏறியதும் கண்ணுக்குத் தெரியும். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தாளை ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்தால் பரப்பு சமமாக வரும். வெறும் விரலால் தேய்த்தால் குழி விழும். ஆணித்துளை, சிறு வெடிப்பு ஆகியவற்றுக்கு அதே மரத்தைத் தேய்க்கும்போது விழுந்த தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைக்கலாம். காய்ந்தபின் கருமையாகத் தெரியும் என்பதால் பெரிய வெடிப்புகளுக்குக் கடையில் கிடைக்கும் மரப்பட்டியே நல்லது.

பாலிஷ், வார்னிஷ், எனாமல் ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

தேக்கு, ஈட்டி, பலா போன்ற மரங்களுக்கு ரேகை தெரியும் பூச்சே தகும். அவற்றின் மேல் கனத்த நிறம் அடிப்பவர்களைத் தடுக்க நான் எப்போதும் முயல்வேன். ஒட்டுப்பலகைக்கும் மட்டமான மரத்துக்கும் எனாமல் அழகாகவே இருக்கும்.

குறைந்த செலவில் கையால் செய்யக்கூடியது அரக்கு பாலிஷ், அதாவது கடைகளில் பிரெஞ்சு பாலிஷ் என்று கேட்டால் கொடுப்பது. அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து தகடாக்கியதே அவலரக்கு. இந்தியாவில் அது ஜார்க்கண்டில் மிகுதியாகக் கிடைக்கிறது. அதை ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ். ஒரு லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் என்பது தேய்ப்பதற்கு ஏற்ற நீர்ப்பதம். கரைத்து மாதக்கணக்கில் வைத்த பாலிஷ் சரியாகக் காயாது என்பதால், கடையில் வாங்கினாலும் அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

பூசும் விதம் இது. பஞ்சு உருண்டையைப் பழைய பருத்தி வேட்டித் துண்டில் பொதிந்து, அடிப்பக்கம் சுருக்கமில்லாமல் முறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். பாலிஷைப் பஞ்சில் ஊற்றிப் பிழிந்தால், துணியின் வழியே ஈரம் மட்டுமே கசிய வேண்டும், சொட்டக்கூடாது. ரேகையின் திசையில், விமானம் தரையிறங்குவதைப் போலப் பரப்பைத் தொட்டு, நிற்காமல் ஓட்டி, மறுமுனையில் எடுத்துவிடுங்கள். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் பூச்சு இளகித் துணியின் தடம் பதிந்துவிடும். சில நிமிடங்களில் காய்ந்துவிடும் என்பதால் ஒரே பிற்பகலில் நான்கைந்து பூச்சுகள் போடலாம். மறுநாள் 400 எண் தாளால் மிக மெதுவாகத் தடவிவிட்டு, மீண்டும் நான்கைந்து. ஐந்தாறு பூச்சுவரை பெரிதாக மாற்றம் தெரியாது. அதன் பிறகு மரத்தின் உள்ளிருந்து வெளிச்சம் வருவது போன்ற ஒரு பளபளப்பு மெல்ல எழும். அந்தக் கட்டத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த சாமானைத் தாமாகவே தேட ஆரம்பிப்பார்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், அதன் ஆவியும் நல்லதன்று. ஜன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

அரக்கின் குறை, சூட்டையும் ஈரத்தையும் தாங்காதது. சுடச்சுடக் காபி டம்ளர் வைக்கும் மேசைக்கு அது சரிவராது. அதற்குப் பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிய மூன்று பூச்சுகளாகத் தூரிகையால் அடியுங்கள். மெலமைன் பூச்சு பொதுவாகத் தெளிப்பானால் செய்யப்படுவது, நெடியும் கடுமை. அதைத் தொழிலாளரிடம் விடுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், எந்தப் பூச்சுக்கும் முன்பு தின்னரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுவது பூச்சு நன்றாகப் பிடிக்க உதவும்.

ஆளிவிதை எண்ணெய் தடவலாமா?

தடவலாம், தேக்குக்கு அழகான மங்கிய பளபளப்பு வரும். ஆனால் அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். துணியை விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திய பிறகு அப்புறப்படுத்துங்கள்.

மழைக்காலத்தில் பாலிஷ் போடலாமா?

போடாமல் இருப்பதே நல்லது. ஓர் ஐப்பசி மாதத்தில், வீட்டில் விசேஷம் நெருங்குகிறது என்ற அவசரத்தில், ஒரு மேசைக்கு அரக்கு பாலிஷ் போட்டேன். வெளியே தூறல். மூன்றாவது பூச்சில் பரப்பு முழுவதும் பால் சிந்தியதைப் போல வெள்ளையடித்துவிட்டது. ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெண்மையாகத் தெரிகிறது. மேலே இன்னும் பூசினால் போய்விடும் என்று நினைத்து நான்காவது பூச்சையும் போட்டது என் தவறு. தை மாதத்தில், உலர்ந்த ஒரு நாளில், ஸ்பிரிட் நனைத்த துணியால் எல்லாவற்றையும் இளக்கி எடுத்து மறுபடி தொடங்கினேன். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களை மூட்டு ஒட்டவும், உப்புத்தாள் தேய்க்கவும் வைத்துக்கொண்டு, தை முதல் பூச்சு வேலையைத் தொடங்கலாம். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் அதிகாலையைத் தவிர்த்து, வெயிலேறிய பிறகு தொடங்கி மாலைக்குள் முடிப்பது நல்லது.

மேசையில் டம்ளர் வைத்த வளையக்கறை போகுமா?

கறை வெள்ளையாக இருந்தால் ஈரம் பூச்சிலேயே நின்றிருக்கிறது என்று பொருள், போகும். சலித்த மெல்லிய சாம்பலைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, துணியால் ரேகையின் திசையில் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். கறை கருப்பாக இருந்தால் ஈரம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. பூச்சை நீக்கி ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் வெளுக்க வேண்டியிருக்கும். அது நஞ்சு. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் திறந்து வைக்கக்கூடாது.

பளபளப்பான தாள் ஒட்டிய அலமாரிக்குப் பெயிண்ட் அடிக்க முடியுமா?

முடியும். ஆனால் வழவழப்பான பரப்பில் பெயிண்ட் நேரடியாகப் பிடிக்காது. 220 எண் தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்து, துடைத்து, வழவழப்பான பரப்புக்கென்றே வரும் பிரைமரை (பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) ஒரு பூச்சு அடித்து, ஒரு நாள் விட்டு, எனாமலை மெல்லிய இரண்டு பூச்சுகளாகச் சிறு ரோலரால் உருட்டுங்கள். விளிம்பில் தாள் கிளம்பியிருந்தால் முதலில் அதை ஒட்டிவிட வேண்டும். கைப்பிடிகளை மாற்றினாலே பாதி அலமாரி புதிதாகிவிடும். ஏற்கெனவே உள்ள துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

சுண்ணாம்பு போல மங்கலாகத் தெரியும் பூச்சு வேண்டுமென்றால், ஒரு பங்கு பாரிஸ் சாந்தை, அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை, சம அளவு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மூன்று பங்கு எமல்ஷன் என்னும் நீர்ப் பெயிண்டில் கலந்து உடனே பயன்படுத்தலாம். விரைவில் இறுகும் என்பதால் கொஞ்சமாகவே கலக்குங்கள். மேலே மெழுகோ வார்னிஷோ இல்லாவிட்டால் கறை பிடிக்கும்.

பிரம்பு நாற்காலி தொய்ந்துவிட்டது. பின்னலை முழுவதும் மாற்ற வேண்டுமா?

இழை அறுந்திராவிட்டால் தேவையில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டு வையுங்கள். இழைகள் நன்றாக ஊறியதும் துணியை எடுத்துவிட்டு, யாரும் உட்காராமல் இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். பிரம்பு காயும்போது சுருங்கி இறுகும். சாய்வு நாற்காலியில் இதை முதன்முறை செய்தபோது, மறுநாள் காலையில் விரலால் சுண்டிப் பார்த்தேன்; தொளதொளவென்று இருந்தது தப்பு மேளம் போல ஒலித்தது. பிளாஸ்டிக் இழைக்கு இது பலிக்காது.

இழைகள் அறுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய முறைப் பின்னலில் நீளவாட்டில் இரண்டு, அகலவாட்டில் இரண்டு, மூலைவிட்டங்களில் இரண்டு என ஆறு சுற்றுகள் உண்டு. ஒரு நாற்காலிக்குப் பல நாட்கள் பிடிக்கும். அதற்குப் பொறுமை இல்லையென்றால், கூடை பின்னும் பிளாஸ்டிக் ஒயரையோ கட்டில் நாடாவையோ இழுத்துக் கட்டிப் பின்னலாம். ஒயர் கூடை போடத் தெரிந்த ஒருவர் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்துவிடும்.

துருப்பிடித்த இரும்பு பீரோவை என்ன செய்வது?

துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் வெறும் இரும்பு தெரியும்வரை எடுத்து, தின்னரால் துடைத்து, அன்றே ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்துவிடுங்கள். ஓரிரவு விட்டாலும் மறுபடி துரு பூக்கும். பிறகு எனாமல், மெல்லிய இரண்டு பூச்சுகள். பழைய பெயிண்டுக்குச் சொன்ன எச்சரிக்கைகள் இதற்கும் பொருந்தும். துரு பெரும்பாலும் அடியிலிருந்தே ஏறுகிறது. தரை துடைக்கும் ஈரம் படாதபடி நான்கு கால்களுக்கும் ரப்பர் குமிழ் மாட்டுங்கள்.

சோபாவின் மெத்தை அமுங்கிவிட்டது. புதிய சோபா வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். சட்டம் உறுதியாக இருந்தால் உள்ளே இருக்கும் ஃபோமை மட்டும் மாற்றலாம். இருக்கைக்கு 40 டென்சிட்டி, சாய்மானத்துக்கு அதைவிட மென்மையானது என்று கேளுங்கள். அந்த எண், ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதைக் குறிப்பது; கையால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாமல் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பழைய உறையைக் கிழிக்காமல் தையல் பிரித்து எடுத்தால், அதையே வெட்டளவாக வைத்துப் புது உறை தைக்கலாம்.

உறைத்துணிக்குப் பெரிய கடைகளைத் தேட வேண்டியதில்லை. பவானி ஜமக்காளம் கெட்டியாக நெய்யப்படுவதால் பெஞ்சு, திண்ணை மெத்தைகளுக்கு நன்றாக உழைக்கும். வாங்கியதும் ஒருமுறை உப்புத் தண்ணீரில் அலசி, சாயம் போகிறதா என்று பார்த்த பிறகு தைக்கக் கொடுங்கள்.

வாடகை வீட்டில் சுவரைத் துளையிட முடியாது. அலங்காரத்துக்கு என்ன வழி?

தரையில் நிற்பவற்றையும் ஏற்கெனவே இருக்கும் ஆணிகளில் தொங்குபவற்றையும் வைத்தே நிறையச் செய்யலாம். தாமிரபரணிக் கரையின் கோரையில் பத்தமடையில் நெய்யும் பாய் ஒன்றை, மேலும் கீழும் மூங்கில் கழி கோத்து ஓர் ஆணியில் தொங்கவிட்டால், கறைபட்ட சுவர் முழுவதையும் மறைத்துவிடும். போகும்போது சுருட்டி எடுத்துக்கொள்ளலாம். கிழிந்த பட்டுச்சேலையின் கரையை வெட்டி ஜன்னல் திரையின் அடியோரத்தில் தைக்கலாம். விரிசல் விட்ட மண்பானையில் அடியில் துளையிட்டால் செடித்தொட்டி. பழைய மரப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் புத்தக அடுக்கு. வீட்டை நிரப்புவதைவிட நான்கு பொருளை வெளியேற்றுவது அறையை அதிகம் மாற்றும் என்பது என் கருத்து.

கருவிகளுக்கு எவ்வளவு செலவாகும்?

விலை ஊருக்கு ஊர் மாறுவதால் அளவுகளைச் சொல்கிறேன். ஒரு நாற்காலிக்கு அரை லிட்டர் பாலிஷும், எண்ணுக்கு இரண்டாக எட்டு உப்புத்தாள்களும், சிறு டப்பா வெள்ளைப் பசையும், முகமூடியும் கையுறையும் போதும். எனாமல் ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி வரும் என்று கணக்கிட்டால் வீணாகாது. மின்சாரத் தேய்ப்பான் முதல் சாமானுக்கு வேண்டாம். கை வேகத்தில் தேய்த்துப் பழகியவர்களே அதைப் பின்னர் மரத்தைக் கெடுக்காமல் பயன்படுத்துகிறார்கள். தூரிகையில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மலிவான தூரிகையின் மயிர் பூச்சில் உதிர்ந்து ஒட்டிக்கொண்டால் அதை எடுக்க முழுப் பரப்பையும் மறுபடி தேய்க்க வேண்டும்.

எந்தச் சாமானில் கை வைக்கக்கூடாது?

தலைமுறைகளாக வந்தவை, செதுக்குவேலை உள்ளவை, பர்மா தேக்கு என்று குடும்பத்தில் சொல்லப்படுபவை, பழைய வர்ண ஓவியம் தீட்டியவை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒருமுறை நடந்து, பழைய பூச்சோடு இருக்கும் பெட்டியையும் புதிதாகப் பளபளக்க வைத்த பெட்டியையும் அருகருகே பாருங்கள். காலத்தால் ஏறிய அந்த ஆழ்ந்த நிறத்தை உப்புத்தாள் சில நிமிடங்களில் அழித்துவிடும். எந்தப் பாலிஷாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இத்தகைய சாமான்களை உலர்ந்த மென்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதுப்பித்ததை எத்தனை நாள் கழித்துப் பயன்படுத்தலாம்?

தொட்டால் ஒட்டாமல் இருப்பதும் முழுவதும் இறுகுவதும் வேறு. அரக்கு பாலிஷ் ஒரு வாரத்தில் போதிய கடினம் பெறும். எண்ணெய் எனாமல் மறுநாளே காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை மேலே கனமான பொருளை வைத்தால் தடம் பதிந்துவிடும், அலமாரித் தட்டில் அடுக்கிய புத்தகங்கள் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளின் தொட்டிலுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் எனாமல் வேண்டாம். குழந்தை கடிக்கும் என்பதால், நன்றாக இழைத்த வெறும் மரமே போதும். பூச்சு வேண்டுமென்றால் மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேற்பூச்சாகப் பயன்படும் உணவுத்தர அவலரக்கை மட்டும் பூசி, ஸ்பிரிட்டின் வாசம் முற்றிலும் போகும்வரை காற்றாட வைத்த பிறகு கொடுங்கள்.